தம்பி பெயரில் ஒரு வீடு

பெல்ஜியத்தின் மேற்குக் கோடியில் பாப்பரிங்கே என்று ஒரு சின்ன ஊர். ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ஹாப்ஸ் தோட்டம். உயரமான கம்பங்களில் படர்ந்தேறும் இந்தக் கொடியின் பூவைக் காயவைத்துப் போட்டால்தான் பீருக்கு அதன் கசப்பும் வாசனையும் வரும். அந்தப் பூ வியாபாரத்தில் செழித்தவர் மொரீஸ் கூவூட். கூடவே பாங்குத் தொழிலும் நடத்தினார். வெள்ளை முகப்பு வைத்த மாடி வீடு, பின்னால் பெரிய தோட்டம், உச்சியில் பூ மூட்டைகள் போட்டுவைக்க விசாலமான பரண், கீழே பணமும் பத்திரமும் வைக்க ராட்சத இரும்புப் பெட்டி. குறையொன்றும் இல்லாத குடும்பம். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குள் நுழைந்தது.

நாடு கிட்டத்தட்ட முழுவதும் பறிபோனது. மேற்கே ஒரு மூலை மட்டும் தப்பியது. அந்த மூலைக்குள் பாப்பரிங்கே இருந்தது. அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் கிழக்கே ஈப்ரே நகரம். அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று பிரிட்டிஷ் ராணுவம் நான்கு வருடம் சகதியில் நின்றது. சண்டைக்குப் போகிறவர்களும் சண்டையிலிருந்து திரும்புகிறவர்களும் பாப்பரிங்கேயில்தான் மூச்சு வாங்கினார்கள். 'பாப்' என்று ஊர்ப் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள் சிப்பாய்கள். முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடைகள் முளைத்தன. மதுக்கடை, விலைமாதர் வீடு எதற்கும் பஞ்சமில்லை. அதே ஊரின் டவுன்ஹால் முற்றத்தில், போர்முனையை விட்டு ஓடிய குற்றத்துக்காகத் தன் சிப்பாய்களையே ராணுவம் விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்டது. ஜெர்மானிய பீரங்கிகளுக்கும் இந்த ஊர் எட்டும் தூரம்தான். ஒருநாள் ஒரு குண்டு கூவூட் வீட்டின் பின்பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. அவர் குடும்பத்தோடு கிளம்பினார். பூட்டிக்கிடந்த அந்த வீட்டுக்குப் பெயர் தரவேண்டியவன் அப்போது வேறெங்கோ ராணுவ உடையில் இருந்தான்.

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபை வட்டாரத்தில் டால்பட் குடும்பத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அப்பா எட்வர்ட் டால்பட், ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியின் முதல் தலைவர்; பிறகு ரோச்செஸ்டர், சதக், வின்செஸ்டர் என்று அடுத்தடுத்து மூன்று இடங்களில் பேராயர். பிள்ளைகளில் ஒருவர் துறவு சபையில் சேர்ந்த குருவானவர். இன்னொருவர் நெவில், ஆறடியைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போன நெட்டை மனிதர். இளமையில் ராணுவ அதிகாரியாக இருந்துவிட்டு அங்கி போட்டவர். கடைக்குட்டி கில்பர்ட். 1891-ல் பிறந்தவன். ஜெபமும் வேதமும் பிறந்ததிலிருந்து காதில் விழுந்தவைதான், விசுவாசத்தில் குறையில்லை. ஆனால் அண்ணன்மார் வழியில் போகும் எண்ணம் அவனுக்கு இல்லை. அரசியல் பித்து பிடித்தவன். ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவராகவே வந்துவிட்டான். பார்லிமென்டில் இவன் பேசுவதை ஒருநாள் கேட்கத்தான் போகிறோம் என்று நண்பர்கள் நம்பினார்கள். போர் மூண்டது. ரைஃபிள் பிரிகேடின் ஏழாவது பட்டாலியனில் லெப்டினன்ட் ஆனான். 1915 கோடையில் அந்தப் பட்டாலியன் ஈப்ரேக்குக் கிழக்கே ஹூகே என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டது.

ஹூகேயில் இரு தரப்பு அகழிகளுக்கும் நடுவே சில இடங்களில் கல்லெறி தூரம்கூட இல்லை. ஜூலை 29 இரவு எட்டாவது பட்டாலியன் வந்து காவலை ஏற்றுக்கொண்டது. ஏழாவது பட்டாலியன் ஓய்வுக்காகப் பின்னால் நடந்தது. பிழைத்தோம் என்று மூச்சு விட்டிருந்தால் அது நியாயமே. மறுநாள் அதிகாலை 3.15-க்கு ஜெர்மானியர்கள் எட்டாவது பட்டாலியன் மீது எரிதிரவத்தைப் பீய்ச்சியடித்தார்கள். குழாய் முனையிலிருந்து சீறிய நெருப்பு அகழிகளின் மேல் புரண்டு வந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதுவரை சந்தித்திராத ஆயுதம். அகழிகள் கைமாறின. நடந்த களைப்பே தீராத ஏழாவது பட்டாலியனுக்கு ஆணை வந்தது: திரும்பிப் போய், இழந்ததைப் பிடிக்க வேண்டும்.

அதுவும் பட்டப்பகலில். மதியம் மூன்று மணிக்குச் சற்று முன்பு, குண்டுகள் தின்று மிச்சம் வைத்த ஒரு காட்டிலிருந்து வெளியே வந்து, இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி மேடேற வேண்டும். முன்னதாக நடந்த பீரங்கித் தாக்குதல் எதிரியை அசைக்கவில்லை. இது ஆகாத காரியம் என்று களத்தில் இருந்த பிரிகேடியரே மேலிடத்துக்குச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. கில்பர்ட் தன் பிளாட்டூனுக்கு முன்னால் ஓடினான். முள்கம்பி வேலி குறுக்கிட்டது. அதை வெட்ட முனைந்தபோது கழுத்தில் குண்டு பாய்ந்தது. இருபத்து மூன்று வயது. எடுத்துவர ஆளில்லாமல் உடல் அங்கேயே கிடந்தது.

நெவில் டால்பட் அதே போர்முனையில்தான் இருந்தார், ஆறாவது டிவிஷனின் தலைமை சாப்ளினாக. ராணுவத்தோடு போகும் பாதிரியாருக்குத் துப்பாக்கி கிடையாது; அடக்க ஆராதனைப் புத்தகம்தான் உண்டு. ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. தலை தெரிந்தால் சுடும் இடத்தில், அந்த நெட்டை உடம்பை மண்ணோடு ஒட்டிக்கொண்டு, இறந்தவர்களுக்கு நடுவே ஊர்ந்து தேடினார். தம்பியைக் கண்டார். சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டையும் ஜெபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். பிற்பாடு உடலை மீட்டு அடக்கம் செய்தார்கள். 'சாங்க்சுவரி வுட்' என்று சிப்பாய்கள் பெயர் வைத்த காட்டுப் பக்கம் அந்தக் கல்லறை இருக்கிறது. ஒரு பேராயர் வீட்டுத் துக்கம் என்ற அளவில் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அந்த வருடக் கடைசியில் நெவிலிடம் வேலைக்கு வந்து சேர்ந்த குண்டு மனிதர் முடிய விடவில்லை.

பெயர் பிலிப் கிளேட்டன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1885-ல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். குட்டை, உருண்டை உடம்பு, தடித்த மூக்குக்கண்ணாடி, ஆளைவிடப் பெரிய குரல். எல்லோரும் 'டப்பி' என்றே கூப்பிட்டார்கள். போர்ட்ஸ்மத் பக்கம் துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு சபையில் உதவி குருவாக இருந்தவர் என்பதால் சாதாரண ஜனங்களோடு பழகுவது கைவந்த கலை. பாப்பரிங்கேயில் நெட்டையரும் குட்டையரும் ஒன்றாக நடந்து பார்த்தார்கள். அதிகாரிகளுக்கு ஒயினும் மேஜைவிரிப்பும் உள்ள உணவகங்கள் இருந்தன. சிப்பாய்க்குக் குடிக்க இடமிருந்தது, கெட்டுப்போக இடமிருந்தது. கடிதம் எழுத ஒரு மேஜையும், யாரும் விரட்டாத ஒரு நாற்காலியும்தான் இல்லை. அதற்கு ஒரு வீடு வேண்டும். குண்டு விழுகிற ஊரில் யார் கொடுப்பார்கள்?

கூவூட் கொடுத்தார். மாத வாடகை 150 ஃபிராங்க். இரண்டு நிபந்தனைகள்: குண்டு பிளந்த இடத்தை அடைத்து மழையும் காற்றும் புகாமல் செய்ய வேண்டும், அந்த ராட்சத இரும்புப் பெட்டியை வெளியே எடுத்துத் தர வேண்டும். எதிரி உடைத்த வீட்டை ராணுவச் செலவில் பழுது பார்த்து, பெட்டியையும் மீட்டு, மேற்கொண்டு வாடகையும் வாங்கிய வியாபாரி அந்தப் போரில் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். எஞ்சினியர்கள் வந்து சுவரை அடைத்தார்கள். வீடு தயார். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதில் இழுபறி வந்தது.

'சர்ச் ஹவுஸ்' என்று வைப்பதாக முதலில் பேச்சு. அந்தப் பெயரைப் பார்த்தால் ஒரு சிப்பாய்கூடப் படியேற மாட்டான் என்று கர்னல் ரெஜினால்ட் மே மறுத்துவிட்டார். ஆள் விஷயம் தெரிந்தவர். நாள் முழுக்க ஆணை கேட்டவன் சாயங்காலம் பிரசங்கம் கேட்கவா வருவான்? இதற்காக அலைந்தவர் டால்பட், 'டால்பட் ஹவுஸ்' என்றே இருக்கட்டும் என்றார் கர்னல். தன் பெயரில் வீடு என்றதும் நெவிலுக்குக் கூச்சம். அது தன் தம்பியின் நினைவாக இருக்க வேண்டும் என்றார். நான்கு மாதத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன கில்பர்ட், தான் ஒருமுறைகூடக் கால் வைத்திராத வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான். 1915 டிசம்பர் 11-ம் தேதியைத்தான் அந்த வீடு தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

வாசலைத் தாண்டினால் ராணுவத்தின் தலைகீழ் உலகம். கீழ்த்தளத்தில் தேநீர், பியானோ, சுவரெங்கும் டப்பி எழுதி ஒட்டிய வாசகங்கள். எதையும் அவர் 'செய்யாதே' என்று எழுதவில்லை. வீட்டில் கம்பளத்தின் மீது துப்பும் பழக்கமுள்ளவர்கள் இங்கேயும் தாராளமாகத் துப்பலாம் என்று ஓர் அறிவிப்பு. குப்பைக்கூடைகள் வெறும் அலங்காரத்துக்குத்தான் என்று இன்னொன்று. அவநம்பிக்கைக்காரர்களுக்கு வழி என்று அம்புக்குறி போட்டு வாசல் கதவைக் காட்டியது வேறொன்று. டப்பியின் அறை வாசலில் எழுதியிருந்ததுதான் ராணுவத்தில் பெரிய துணிச்சல்: உள்ளே வருகிறவர் பதவியை வெளியிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். ஜெனரலும் சிப்பாயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தேநீர் குடிப்பது பிரிட்டிஷ் ராணுவத்தில் வேறெங்கே நடக்கும்? ஆக்ஸ்ஃபோர்டு மாணவத் தலைவனின் பெயர் தாங்கிய வீட்டில், சுரங்கத் தொழிலாளி அவனுடைய வகுப்புத் தோழனிடம் தீப்பெட்டி கேட்டான்.

மேலே நூலகம். புத்தகம் எடுத்துப் போகிறவன் திருப்பித் தருவான் என்று என்ன நிச்சயம்? நாளைக்கே அவன் வேறு ஊருக்கு மாற்றப்படலாம். முன்பணம் கேட்டால் பாதிப் பேரிடம் காசிருக்காது. டப்பி கண்டுபிடித்த அடமானம் அபாரமானது: தொப்பி. தொப்பியைக் கொடுத்துவிட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். தொப்பியில்லாமல் தெருவில் இறங்கிய சிப்பாயை ராணுவ போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்பதால், படித்து முடித்தவன் தானாகவே புத்தகத்தை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். கூடத்தில் ஒரு பலகை. ஊர், படைப்பிரிவு, பெயர் எழுதி அதில் மாட்டிவிட்டுப் போகலாம். அதே ஊர்க்காரன், அண்ணன் தம்பி, பழைய தோழன் எவனாவது பார்த்தால் தேடி வருவான். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பதில் எழுதப்பட்டது. சில பெயர்கள் அப்படியே கிடந்தன.

இத்தனைக்கும் மேலே, ஏணி மாதிரி செங்குத்தான படிகளுக்கு உச்சியில், கூவூட் பூ மூட்டை போட்டுவைத்த பரண் இருந்தது.

அதைத்தான் டப்பி ஆலயமாக்கினார். பீடத்துக்கு என்ன செய்வது என்று தேடியபோது தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பழைய தச்சு மேஜை அகப்பட்டது. இழைப்புளி ஓடிய தழும்புகள் உள்ள அசல் தச்சன் மேஜை. நாசரேத்தில் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவரின் திருவிருந்துக்கு இதைவிடப் பொருத்தமாக எவரும் செய்து தந்திருக்க முடியாது. அதன்மேல் துணி விரித்தார்கள். ஒரு சின்ன ஹார்மோனியத்தை மேலே ஏற்றினார்கள். அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டுச் சிப்பாய்கள் அதற்கு 'முனகல் பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். அந்த இடத்துக்கு மட்டும் கேலிப் பெயர் இல்லை. இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உட்கார்ந்த மேல்வீட்டறையை நினைத்து, அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்.

பிரசங்கத்துக்குப் பயந்து ஓடியிருக்க வேண்டியவர்கள் கூட்டம் கூட்டமாகப் படியேறினார்கள். கீழே தேநீர் குடிக்க வந்தவனை மேலே வா என்று யாரும் இழுக்கவில்லை. ஒருவேளை அதனாலேயே ஏறினான். 1916 ஈஸ்டர் அன்று அதிகாலை முதல் அடுத்தடுத்து ஆராதனை நடந்தும், வரிசை படிகளில் கீழிறங்கி நின்றது. பரணின் பலகைத்தளம் இத்தனை பேரைத் தாங்குமா என்ற கவலை தனி. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு, திடப்படுத்தல் பெற்றவர்கள் உண்டு. 1916-ல் சோம் நதிக்கரை, 1917-ல் பாஷண்டேல் சகதி. போகிற வழியில் அங்கே மண்டியிட்டவர்களில் எத்தனையோ பேருக்கு அதுதான் கடைசித் திருவிருந்து. அப்படிப் பங்கெடுத்தவர்களின் பெயர்களை எழுதி வாங்கி வைப்பது டப்பியின் வழக்கம். வெறும் துண்டுக் காகிதங்கள். அவை பின்னால் எதற்கு உதவும் என்று அவருக்கே தெரியாது.

கில்பர்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் புனிதன் இல்லை. எந்தத் தரிசனமும் காணவில்லை. ஆழமான நம்பிக்கையுள்ள குடும்பத்தில் பிறந்து, அந்த நம்பிக்கையோடு கடமையைச் செய்யப் போய், சட்டைப்பையில் ஜெபப் புத்தகத்தோடு விழுந்த ஓர் இளைஞன். அந்தச் சரிவில் அன்று விழுந்தவர்களில் அவனைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். வித்தியாசம், அவனுக்கு வாய்த்த அண்ணன். பளிங்கில் பெயர் வெட்டி வைக்க வசதியுள்ள குடும்பம்தான். நெவில் அதோடு நிற்காமல் தேநீரும் நாற்காலியும் ஏற்பாடு செய்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இறந்தவனின் முகம் தெரியாது. அவன் பெயர் மட்டும் வாயில் புழங்கியது. அதுவும் முழுசாக இல்லை. அதை இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள் சிக்னல்காரர்கள்.

போர்முனையில் தொலைபேசிக் கம்பி இரைச்சலில் பாதி எழுத்துகள் ஒன்றுபோலவே கேட்கும். ஓர் எழுத்து மாறிக் கேட்டால் குண்டு சொந்த அகழியில் விழும். அதனால் குழப்பும் எழுத்துகளுக்கு மட்டும் ராணுவம் தனிப் பெயர் வைத்திருந்தது. ஏ என்றால் 'ஆக்', எம் என்றால் 'எம்மா', பி என்றால் 'பிப்'. முற்பகல் 'ஆக் எம்மா', பிற்பகல் 'பிப் எம்மா' என்று பேச்சுவழக்கிலும் அது நுழைந்துவிட்டது. டால்பட்டின் முதலெழுத்துக்கு ராணுவப் பெயர் 'டாக்'. ஹவுஸின் முதலெழுத்தான எச் எதனோடும் குழம்பாது என்பதால் அதற்குப் பெயரே வைக்கவில்லை. ஆக, டால்பட் ஹவுஸ் சிக்னல் பாஷையில் 'டாக் எச்' ஆனது. சாயங்காலம் டாக் எச்சுக்குப் போகலாமா என்பது பாப்பரிங்கேயின் அன்றாடக் கேள்வி. கொச்சிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் எங்கேயோ பார்த்ததாக இருக்கும். கதை அங்கே போய்ச் சேர இன்னும் தூரம் இருக்கிறது. அதற்குள் வீடே கையை விட்டுப் போகப் பார்த்தது.

1918 வசந்தத்தில் ஜெர்மானியர்கள் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். போர்முனை பாப்பரிங்கேயை நெருங்கியது. வீட்டை மூடு என்று ஆணை. டப்பி முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு மே மாதம் வெளியேறினார். செப்டம்பர் கடைசியில் திரும்பி வந்து மறுபடி திறந்தார். நவம்பரில் போர் முடிந்தது. 1919 தொடக்கத்தில் கூவூட் குடும்பம் வீட்டுக்குத் திரும்பியது. தச்சு மேஜை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சிப்பாய்கள் ஊருக்குப் போனார்கள். டால்பட் ஹவுஸ் என்று சொல்லிக்கொள்ள இனி ஒன்றுமில்லை, டப்பியின் கையிலிருந்த துண்டுக் காகிதங்களைத் தவிர.

அந்தப் பெயர்களுக்கு அவர் கடிதம் எழுதத் தொடங்கினார். உயிரோடு வந்தால் குருவானவராக ஆகிறேன் என்று பரணில் வாக்குக் கொடுத்தவர்கள் பலர். அவர்களைப் படிக்கவைக்க செஷயரில் நட்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் காலியாக இருந்த ஒரு சிறைச்சாலையில் பள்ளி நடந்தது. மற்றவர்களுக்கோ வேலையில்லை, அகழியில் தோளோடு தோள் நின்றவன் லண்டன் தெருவில் கண்டுகொள்ளாமல் போனான். வீட்டைத்தானே இழந்தோம், வீட்டுப் பழக்கத்தை எதற்கு இழக்க வேண்டும் என்று 1919-ல் கூடிப் பேசினார்கள். டாக் எச் ஓர் இயக்கமாகப் பிறந்தது. 1920-ல் லண்டன் கென்சிங்டனில் முதல் விடுதி. இளைஞர்கள் வாடகைக்குத் தங்கலாம். வாடகையோடு இன்னொன்றும் தர வேண்டும், அக்கம்பக்கத்துக்கு உழைப்பு. கில்பர்டைப் பற்றிக் கேள்விகூடப் பட்டிராத பையன்கள் சேரத் தொடங்கினார்கள். 1922-ல் ராஜ சாசனம் கிடைத்தது. அதே வருடம் டப்பி, லண்டன் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள ஆல் ஹாலோஸ் என்ற பழம்பெரும் ஆலயத்தின் குருவானார்.

செய்த வேலைகளைச் சொல்லி மாளாது. லண்டனில் செஞ்சிலுவைக்காரர் பெர்சி ஆலிவர் 1921-ல் தொடங்கிய ரத்ததானத் திட்டத்துக்கு, ஊசி என்றாலே ஊர் மிரண்ட அந்தக் காலத்தில் கை நீட்டியவர்களில் டாக் எச் ஆட்கள் உண்டு. முப்பதுகளில் நைஜீரியாவின் தொழுநோயாளர் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு வந்த டப்பி ஆட்களைக் கேட்டார். இளைஞர்கள் கப்பலேறிப் போனார்கள்.

கிளைகள் பெருகியபோது ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஆதிக் கிறிஸ்தவர்கள் ஏற்றிய அகல் போன்ற வெண்கல விளக்கு ஒன்றை வடிவமைத்தார்கள். கைப்பிடியில் ஈப்ரே நகரின் இரட்டைச் சிலுவை. 1922 டிசம்பரில் லண்டன் கில்ட்ஹாலில் வேல்ஸ் இளவரசர் முதல் விளக்குகளை ஏற்றினார். ஒவ்வொரு கூட்டத்திலும் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அந்த ஒற்றைத் திரியைச் சுற்றி நின்று, போரில் மாண்டவர்களை நினைத்தார்கள். மாண்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த பெயர் 'மூத்த சகோதரர்கள்'. டால்பட் வீட்டின் கடைக்குட்டி, அவனைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அண்ணன் ஆகிவிட்டான். விளக்குக்கோ வேறு தலைவிதி. திரி சிறியது, வெளிச்சம் மங்கல். யாராவது மந்தபுத்தியாக நடந்துகொண்டால் 'டாக் எச் விளக்கு மாதிரி மங்கலானவன்' என்று சொல்லும் வழக்கம் பட்டாளத்தில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் நன்றாகவே பரவியது. துப்பச் சொல்லி அறிவிப்பு ஒட்டிய மனிதர் இந்தக் கேலிக்கெல்லாம் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இந்த நேரத்தில் பழைய வீடு கைக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு வந்தது. போர்க்களங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்த ஆங்கிலேயர்கள் கூவூட் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி அந்தக் குடும்பத்தை ஒருவழி செய்திருந்தார்கள். 1929-ல் வீட்டை வாங்கி டாக் எச்சுக்குக் கொடுத்தார் வேக்ஃபீல்டு பிரபு. நம் ஊர் மெக்கானிக் கடைகளில் இன்றும் வரிசையாக அடுக்கியிருக்கும் காஸ்ட்ரால் எண்ணெய் டப்பா அவருடைய கம்பெனி ஈன்ற பிள்ளை. எஞ்சின் எண்ணெயில் சம்பாதித்த காசு எண்ணெய் விளக்குக்காரர்களுக்கு வீடானது. தச்சு மேஜை மறுபடி பரணேறியது. பத்தே வருடம். 1940-ல் ஜெர்மானியப் படை திரும்ப வந்தது.

இந்த முறை பாப்பரிங்கே தப்பவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஜெர்மானியர்கள் வீட்டைக் கைப்பற்றுமுன், உள்ளே இருந்த பொருட்களை வெளியே கடத்தி, ஆளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்தார்கள். படங்கள், நாற்காலிகள், ஆலயச் சாமான்கள் எல்லாம். அகப்பட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1944 செப்டம்பரில் போலந்துப் படைப்பிரிவு ஊரை மீட்டது. ஒளித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாமான்களோடு வந்தார்கள். வீடு இன்று அருங்காட்சியகம்; பயணிகள் இரவு தங்க அறைகளும் உண்டு. வருகிறவர்களுக்கு இப்போதும் தேநீர் உபசாரம் நடக்கிறது, தோட்டம் இருக்கிறது, பியானோவை யாராவது தட்டிக்கொண்டிருப்பார்கள். டப்பி 1972 வரை வாழ்ந்தார். நெவில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவின் பேராயராகி, இங்கிலாந்து திரும்பி, 1943-ல் காலமாகியிருந்தார்.

வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் இயக்கமும் போயிருந்தது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போலவே இந்தியாவிலும் பர்மாவிலும் கிளைகள் இருந்தன. சாம்ராஜ்யம் போனபின் சில கிளைகள் பட்டுப்போயின. சிலவற்றை உள்ளூர்க்காரர்கள் எடுத்து நடத்தினார்கள். கொச்சியில் எடுத்து நடத்தியவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். வைட்டிலாவில் இருக்கும் டாக் எச் பப்ளிக் ஸ்கூல் அதுதான். அரக்குன்னத்தில் அதே பெயரில் எஞ்சினியரிங் கல்லூரியும் வந்துவிட்டது. எர்ணாகுளத்துப் பெற்றோர்கள் அட்மிஷனுக்காக அலைகிறபோது உச்சரிக்கிற முதல் எழுத்து, ஹூகேயின் முள்கம்பியில் விழுந்த பையனுடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து. இரண்டாவது, ஹாப்ஸ் வியாபாரி 150 ஃபிராங்குக்கு வாடகைக்கு விட்ட வீடு.